இரவில் மட்டும் படம் போகிறதா? வீட்டு கேமராவின் கோளாறை அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது

வீட்டில் கேமரா மாட்டியவர்கள் பலரும் மாட்டிய அன்று டிவியில் படத்தைப் பார்த்ததோடு சரி. அப்புறம் கேட்டுக்கு வெளியே நிறுத்திய பைக் காணாமல் போன அன்றுதான் ரெக்கார்டிங்கைத் திறக்கிறார்கள். அப்போது இரவுப் படம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது, அல்லது முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலு புள்ளி இருக்கிறது, அல்லது பல வாரங்களாகப் பதிவே இல்லை. உடனே "கேமரா சரியில்லை, வேற மாத்துங்க" என்கிறார்கள். உண்மையில் கேமரா கெட்டுப்போவது குறைவு. அதற்குப் போகும் கரன்ட், இணைப்பு, மாட்டிய இடம், இந்த மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். இதில் எதுவும் புதுக் கேமரா வாங்கினால் சரியாகாது.

நம் ஊரில் அதிகம் இருப்பது நாலு கேமரா, படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டி ஒன்று, படமும் கரன்டும் சேர்ந்து போகும் 3+1 கேபிள், வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் என்ற அமைப்பு. அதை வைத்தே சொல்கிறேன். வைஃபை கேமராவுக்குப் பின்னால் தனிப் பகுதி வருகிறது.

கையில் ஒரு மல்டிமீட்டர், உறுதியான ஏணி, 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று இருந்தால் போதும். ஒரே சமயத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பாருங்கள். பின்னையும் கேபிளையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது. எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் 230 வோல்ட் திறந்த முனையில் இருக்கும். மெயின் சுவிட்சை அணைக்காமல் அதற்குள் கைவைக்காதீர்கள்.

ஒரு கேமராவில் மட்டும் படம் இல்லை

நாலும் ஒன்றாகப் போனால் எஸ்எம்பிஎஸ் அல்லது டிவிஆர். ஒன்று மட்டும் போனால் முதலில் டிவிஆருக்குப் பின்னால் போங்கள். படம் வராத கேமராவின் படக் கேபிள் நுனியில் இருக்கும் பிஎன்சி பின்னைக் கழற்றி, படம் வரும் ஒரு சேனலில் மாட்டுங்கள். அங்கே படம் வந்தால் அது முதலில் இருந்த சேனல்தான் கெட்டது. அங்கேயும் வராவிட்டால் டிவிஆர் மேல் குற்றமில்லை, கேபிள் வழியே வெளியே போக வேண்டும்.

கேமராப் பக்கம் கரன்ட் வரும் டிசி பின்னில் 12 வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள். வரவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த முனையின் திருகு தளர்ந்திருக்கலாம், வழியில் எலி கடித்திருக்கலாம். வருகிறது, ஆனாலும் படம் இல்லை என்றால் பிஎன்சி பின்னைச் சந்தேகிக்கலாம். திருகி மாட்டும் பின்னில் வெளிப்பின்னலின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டால் போதும், படம் போய்விடும். பின்னைத் தொட்டால் படம் வந்து வந்து போகிறதா? தயங்காமல் வெட்டிப் புதுப் பின் போடுங்கள். நடுக்கம்பி பச்சை பூத்திருந்தால் கம்பி பளபளப்பாகத் தெரியும் இடம் வரை வெட்ட வேண்டும்.

மழைக்காலத்தில் வரும் இந்தக் கோளாறில் பெரும்பகுதி இணைப்பு வெளியே தொங்குவதால் வருவது. கேமராவின் வால் கேபிளும் பின்களும் ஜங்ஷன் பாக்ஸுக்குள்தான் இருக்க வேண்டும், டேப் சுற்றிச் சுவரில் தொங்கவிடக் கூடாது. பாக்ஸுக்குள் நுழையும் கேபிள் கீழே சற்றே தொய்ந்து, பிறகு மேலேறி நுழைய வேண்டும். அப்போதுதான் கேபிள் வழியே இறங்கும் மழைநீர் தொய்வில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

இன்னொரு சிறிய விஷயம். புதுக் கேமராவைப் பழைய டிவிஆரில் மாட்டியதும் படம் கறுப்பு வெள்ளையில் உருண்டுகொண்டே இருந்தால் இரண்டும் வேறு வேறு வடிவத்தில் பேசுகின்றன. ஏஎச்டி, டிவிஐ, சிவிஐ என்று அனலாக்கிலேயே பல வகை உண்டு. பல கேமராக்களின் வாலில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதைச் சில விநாடி ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் வகை மாறும்.

பகலில் நன்றாக இருக்கிறது, இருட்டியதும் படம் போய்ப் போய் வருகிறது

இந்த அறிகுறியில்தான் அதிகம் பேர் ஏமாந்து புதுக் கேமரா வாங்குகிறார்கள். இருட்டியதும் கேமராவுக்குள் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் வடிகட்டி விலகுகிறது. அந்த நொடியில் கேமரா இழுக்கும் கரன்ட் பகலில் இழுத்ததைப் போல இரண்டு மடங்குகூட ஆகலாம். கேபிள் மெலிதாக இருந்தால் வோல்டேஜ் சரியும், கேமரா அணையும். அணைந்ததும் சுமை குறைந்து மறுபடி உயிர் பெறும், மறுபடி விளக்கு எரியும், மறுபடி அணையும். இரவெல்லாம் டிக், டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இதுதான் காரணம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கேட்டிலிருந்து டிவிஆர் வரை 30 மீட்டர் என்றால் கரன்ட் போகவும் வரவும் சேர்த்து 60 மீட்டர் கம்பி. 0.2 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியானால் சுமார் 5 ஓம் தடை. கேமரா 0.4 ஆம்பியர் இழுத்தால் 2 வோல்ட் கேபிளிலேயே போய்விடும், கேமராவுக்கு எஞ்சுவது 10. அதுவே செம்பு பூசிய அலுமினியக் கம்பி என்றால் இழப்பு இன்னும் அதிகம். விலை மலிவாக வரும் 3+1 சுருள்களில் இந்த அலுமினியம் தாராளமாக உண்டு. கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

சோதிக்க இரவு வரை காத்திருக்க வேண்டாம். கேமரா முகத்தில் இருக்கும் வெளிச்ச உணரியைக் கறுப்பு டேப்பால் மூடினால் பெரும்பாலான கேமராக்கள் பகலிலேயே இரவு நிலைக்குப் போகும். அந்த நிலையில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, கேமரா முனையில் வோல்டேஜை அளக்க வேண்டும். பின்னைக் கழற்றிவிட்டு அளந்தால் சுமை இல்லாததால் எப்போதும் 12 காட்டும், அந்த அளவு எதற்கும் உதவாது. 11-க்குக் கீழே இறங்கினால் சந்தேகப்படலாம். 10-ஐ நெருங்கினால் நோய் அதுதான்.

வைத்தியம் எளிது. கேமராவுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருந்தால், மழை படாத பெட்டிக்குள் தனி 12 வோல்ட் அடாப்டர் ஒன்று வைத்துவிடுங்கள். பாயின்ட் இல்லை என்றால் கரன்டுக்கு மட்டும் தடிமனான செம்பு ஒயரைத் தனியாக இழுங்கள், படம் பழைய கேபிளிலேயே வரட்டும். சிலர் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் சிறு திருகைத் திருப்பி 13 வோல்ட் வைத்துவிடுவார்கள். தூரக் கேமரா பிழைக்கும். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கேமராவுக்கு அந்த 13 முழுதாகப் போகும். எனக்கு அதில் சம்மதமில்லை.

இரவில் படம் வெள்ளையாக, புகை மூடியது மாதிரி இருக்கிறது

கேமராவிலிருந்து கிளம்பும் அகச்சிவப்பு ஒளி பக்கத்தில் எதன் மேலோ பட்டு நேராக லென்ஸுக்குத் திரும்பி வருகிறது. அந்தப் பொருள் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். நம் வீடுகளில் முதல் குற்றவாளி சிலந்தி. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டும். பகலில் கண்ணுக்குத் தெரியாத ஒற்றை இழை இரவில் வெள்ளைக் கயிறாகத் தெரியும். ஒட்டடைக் கம்பின் நுனியில் மெல்லிய துணி சுற்றி வாரம் ஒருமுறை துடைத்தால் போதும்.

அடுத்தது சன்ஷேடும் சுவரும். கேமராவைச் சன்ஷேடுக்கு அடியில் உள்ளே தள்ளி மாட்டினால் மழை படாதுதான். ஆனால் படத்தின் மேல்பகுதியில் சன்ஷேடின் அடிப்பாகம் வெள்ளையடித்துத் தெரியும். கேமரா அந்த வெளிச்சத்துக்குத் தகுந்தபடி முழுப் படத்தையும் இருட்டாக்கிவிடும், கேட் கறுத்துப்போகும். கேமராவை விளிம்புப் பக்கம் முன்னே கொண்டுவாருங்கள், அல்லது சுவர் படத்தில் தெரியாதபடி முகத்தைக் கீழே திருப்புங்கள்.

அரைக்கோள வடிவ டோம் கேமராவானால் கண்ணாடிக் கூட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். லென்ஸைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். அது கண்ணாடியோடு ஒட்டி நிற்காவிட்டால் விளக்கின் ஒளி கூட்டுக்குள்ளேயே சிதறி லென்ஸில் விழும். விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு, தூசி மூன்றும் இதே வேலையைச் செய்யும். மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள், வேட்டி நுனி வேண்டாம், கீறல் விழுந்தால் போகாது. கூட்டுக்குள் நீராவி படிந்திருந்தால் வெயில் நாளில் திறந்து காயவைத்து, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே வைத்து, ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள்.

இதற்கு நேர்மாறாகப் பகலில் நிறம் கெடுவதும் உண்டு. செடிகள் ஊதாவாக, கறுப்புச் சட்டை ரோஸாகத் தெரிந்தால், முன்பு சொன்ன அந்த வடிகட்டி பகலிலும் விலகியே நிற்கிறது. டிவிஆர் மெனுவில் பகல், இரவு நிலைகளை நாலைந்து முறை மாற்றி மாற்றிப் பாருங்கள், சிக்கிக்கொண்டது விடுபடலாம். விடாவிட்டால் இது மட்டும் கேமராவையே மாற்ற வேண்டிய கோளாறு.

படத்தில் கோடுகள் மேலேறிக்கொண்டே இருக்கின்றன

கேமராவின் இரும்பு உடல் கிரில்லையோ இரும்புத் தூணையோ தொட்டிருந்தால், அங்கே ஒரு எர்த்தும் டிவிஆர் பக்கம் ஒரு எர்த்தும் சேர்ந்து கேபிளின் வெளிப்பின்னலில் கரன்ட் ஓடும். கேமராவைப் பிளாஸ்டிக் பாக்ஸ் மேல் மாட்டினாலே கோடு மறையும். கரன்ட் போன நேரத்தில் மட்டும் கோடு வருகிறது என்றால் இன்வெர்ட்டரைப் பாருங்கள், பழைய சதுர அலை இன்வெர்ட்டர்கள் இப்படிச் செய்யும். மோட்டார் ஓடும்போது மட்டும் வந்தால் மோட்டார் ஒயரும் கேமரா கேபிளும் ஒரே குழாயில் போகின்றன. பிரித்துவிடுங்கள்.

கோடு இல்லாமல் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடித்தால் மெனுவில் அலைவரிசை 60 ஹெர்ட்ஸில் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்கு மாற்றுங்கள்.

ஆள் தெரிகிறார், யாரென்று தெரியவில்லை

கோளாறு எதுவும் இல்லாமலேயே கேமரா பயனற்றுப் போகும் இடம் இது. மனவருத்தம் அதிகம் தருவதும் இதுதான்.

சர்வதேசத் தரம் ஒன்றின் 2014 பதிப்பு, ஐஇசி 62676-4, இதற்கு அளவு சொன்னது. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண வேண்டுமென்றால் அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் விழ வேண்டும். ஏற்கெனவே தெரிந்தவரை அறிந்துகொள்ள 125 போதும். 2 மெகாபிக்ஸல் கேமராவின் படம் 1920 புள்ளி அகலம். அதை 250-ஆல் வகுத்தால் 7.7 மீட்டர் வருகிறது. படத்தில் தெரியும் இடத்தின் அகலம் அதைத் தாண்டினால் முகம் போச்சு.

இப்போது லென்ஸைப் பாருங்கள். கடைகளில் அதிகம் கிடைக்கும் 2.8 எம்எம் லென்ஸ் சுமார் 100 டிகிரி விரிந்து பார்க்கும். அதில் 7.7 மீட்டர் அகலம் என்பது கேமராவிலிருந்து சுமார் 3.2 மீட்டர் தூரத்திலேயே வந்துவிடும். போர்டிகோவில் மாட்டிய கேமரா 8 மீட்டர் தள்ளியிருக்கும் கேட்டில் நிற்கும் முகத்தைக் காட்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. 6 எம்எம் லென்ஸ் ஏறத்தாழ 54 டிகிரிதான் பார்க்கும், ஆனால் அதே தெளிவை 7.5 மீட்டர் வரை கொண்டுபோகும். எனவே எல்லா மூலைக்கும் அகல லென்ஸ் போடச் சொல்லும் ஆளிடம், கேட்டை நோக்கிய ஒன்றையாவது 6 எம்எம்மாகக் கேட்டு வாங்குங்கள். நாலு அகலக் கேமராவைவிட, மூன்று அகலமும் வழியை மட்டும் குறிவைத்த ஒரு குறுகலும் எவ்வளவோ மேல்.

உயரமும் முக்கியம். திருடன் கைக்கு எட்டக் கூடாது என்று முதல் மாடி விளிம்பில் மாட்டினால் தொப்பியும் உச்சந்தலையும்தான் பதிவாகும். முகத்துக்கான கேமரா இரண்டரை முதல் மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும். கைக்கு எட்டிவிடும் என்று பயந்தால் இந்தக் கேமராவையே பார்த்தபடி இன்னொன்றை உயரத்தில் வையுங்கள்.

காலையில் கிழக்கு வாசலில் நிற்பவர் வெறும் நிழலாகத் தெரிந்தால் மெனுவில் வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் டபிள்யூடிஆர் என்பதை இயக்குங்கள். அது இல்லாத கேமராவில் பிஎல்சி இருக்கும், பின்னணி வெளுத்தாலும் முகம் தெரியும். இரவில் நடந்துபோகும் ஆள் கோடாக இழுபட்டால் ஷட்டர் வேகம் தானியங்கியில் மிக மெதுவாகப் போய்விடுகிறது. 1/50-க்குக் குறையாமல் நிறுத்தி, குறையும் வெளிச்சத்துக்குக் கேட்டருகே ஒரு எல்இடி பல்பு போடுங்கள். வெளிச்சத்துக்கு ஈடான அமைப்பு எந்த மெனுவிலும் இல்லை. வண்டி எண் மட்டும் தனிக் கலை: ஹெட்லைட்டையும் மின்னும் நம்பர் பிளேட்டையும் தாங்க ஷட்டரை 1/500 அளவுக்கு ஏற்ற வேண்டும், அப்போது மற்றதெல்லாம் கறுத்துவிடும். ஒரே கேமராவில் முகமும் எண்ணும் கேட்காதீர்கள்.

திருப்பும்போது எதிர்வீட்டு ஜன்னலும் படத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் மெனுவில் பிரைவசி மாஸ்க் போட்டு அந்தப் பகுதியை மறைத்துவிடுங்கள். அவர்கள் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வைஃபை கேமரா இணையவே மாட்டேன் என்கிறது

பல வைஃபை கேமராக்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். ரூட்டரில் 2.4-உம் 5-உம் ஒரே பெயரில் இருந்தால் மொபைல் 5-இல் போய் உட்கார்ந்திருக்கும், கியூஆர் காட்டி இணைக்கும் வேலை பாதியில் நின்றுவிடும். இரண்டுக்கும் வேறு பெயர் வைத்து, மொபைலையும் 2.4-இல் இணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். ரூட்டரின் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் டபிள்யூபிஏ2-ஐயும் அனுமதியுங்கள். இணைந்தும் அடிக்கடி அறுந்தால் சேனலை 1, 6, 11 என்று மாற்றிப் பாருங்கள். நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர் இருந்தால் எந்தச் சேனலும் உதவாது. ரூட்டரை நகர்த்துங்கள் அல்லது லேன் ஒயர் இழுங்கள்.

வீட்டுக்குள் தெரிகிறது, வெளியூரிலிருந்து தெரியவில்லை என்பது வேறு நோய். இன்றைய பல இணைய இணைப்புகளில் உங்கள் வீட்டுக்கென்று தனிப் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை. ரூட்டரில் போர்ட் திறந்து எவ்வளவு மெனக்கெட்டாலும் பலன் இருக்காது. டிவிஆர் மெனுவில், போர்ட் திறக்காமலே மொபைலோடு இணைக்கும் பி2பி என்பதை இயக்கி, அதில் வரும் கியூஆரை ஆப்பில் ஸ்கேன் செய்யுங்கள். இந்த வேலையோடு சேர்த்துத் தொழிற்சாலைப் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் இப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையதள முகவரிச் சேவை தந்த டைன் நிறுவனத்தின் மேல் தொடுத்த தாக்குதலில் ட்விட்டர் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. மாட்டிய ஆளிடமும் பழைய பாஸ்வேர்ட் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஓயாமல் அலர்ட் வருகிறது

தென்னை ஓலை, காயும் துணி, லென்ஸ் மேல் ஊரும் பல்லி, மழைத்தாரை, எல்லாமே சாதாரண மோஷன் உணர்வுக்கு அசைவுதான். மெனுவில் மனித உருவத்தைப் பிரித்தறியும் வசதி இருந்தால் அதை மட்டும் வையுங்கள். இல்லையென்றால் மரமும் சாலையும் இருக்கும் கட்டங்களை நீக்கி, நடைபாதையை மட்டும் விடுங்கள்.

பேட்டரிக் கேமரா வேறு மாதிரி. அது வெப்ப வித்தியாசத்தை வைத்து விழித்துக்கொள்வது. சித்திரை வெயிலில் சுவரும் தரையும் உடல் சூட்டை எட்டும்போது ஆள் வந்தாலும் அதற்குத் தெரியாமல் போகலாம். கேமராவை நோக்கி நேராக நடந்து வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை அது சீக்கிரம் பிடிக்கும். அதற்கேற்பத் திருப்பி மாட்டுங்கள்.

ரெக்கார்டிங் இல்லை, அல்லது நாலு நாளுக்கு மேல் நிற்கவில்லை

டிவிஆர் பீப் அடித்தால் எரிச்சலில் சத்தத்தை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது என்பதை அது சொல்கிறது. மெனுவில் டிஸ்க் நிலை சரி என்று காட்டுகிறதா, பழையதன் மேல் எழுதும் ஓவர்ரைட் இயங்குகிறதா, நேர அட்டவணையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். புது டிஸ்க் வாங்கினால் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரி இரவும் பகலும் எழுதுவதற்கென்றே செய்ததாக வாங்குங்கள். பழைய கம்ப்யூட்டரில் கழற்றியது வேண்டாம். வைஃபை கேமராவின் எஸ்டி கார்டுக்கும் இதே பேச்சுதான். ஹை எண்டியூரன்ஸ் என்று போட்ட கார்டை வாங்கி, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

எத்தனை நாள் நிற்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் பதினொன்றரை நாளில் நிரம்பும். படத்தைச் சுருக்கும் பழைய முறையான எச்.264-இல் 4 எம்பிபிஎஸ் வைத்திருந்தால் ஆறு நாள்கூட நிற்காது. புது முறையான எச்.265-க்கு மாற்றி வேகத்தைப் பாதியாக்குங்கள், படம் அவ்வளவாகக் கெடாது. அசைவு வந்தால் மட்டும் பதிவது இன்னும் நாளை நீட்டும். ஆனால் கேட்டைப் பார்க்கும் கேமராவுக்கு மட்டும் முழுநேரப் பதிவை விட்டுவையுங்கள்.

இடி மழைக்குப் பிறகு டிவிஆரே எழுந்திருக்கவில்லை என்றால் மின்னல் அதிர்ச்சி கேபிள் வழியே வந்திருக்கும். ஐப்பசி கார்த்திகையில் இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்குவது மட்டும் போதாது, பிஎன்சி பின்களும் லேன் ஒயரும் கழற்றப்பட வேண்டும்.

நேரம் தவறாக இருக்கிறது

கரன்ட் போய் வந்ததும் தேதி 2000-க்கோ 1970-க்கோ போகிறது என்றால் டிவிஆர் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றுவது சில ரூபாய் வேலை. மெனுவில் நேர மண்டலத்தை ஜிஎம்டி +5:30 என்று வைத்து, இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி-யை இயக்கி, கோடைக்கால நேர மாற்றத்தை அணைத்துவிடுங்கள்.

நாலைந்து நிமிடம்தானே என்று விட வேண்டாம். பக்கத்து வீட்டுக் கேமராவையும் தெருமுனைக் கடைக் கேமராவையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்த நாலு நிமிடம்தான் வண்டி எந்தப் பக்கம் போனது என்பதைக் குழப்பும். வழக்கு என்று வந்தால் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு, கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பு குறித்த சான்றிதழும் கேட்பார்கள். எனவே சம்பவம் நடந்தால் டிவி திரையை மொபைலில் படம்பிடித்து அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். டிவிஆரின் பேக்கப் மெனுவில் அந்த நேரத்துக்கு அரை மணி முன்னும் பின்னும் சேர்த்து, மூலக் கோப்பையே பென்டிரைவில் எடுங்கள். பென்டிரைவை டிவிஆர் ஏற்கவில்லை என்றால் ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்துவிட்டு முயலுங்கள். திரையில் காட்டிய நேரத்தையும் அப்போது மொபைலில் இருந்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். டிஸ்க் நிரம்பி அந்த நாள் அழியும் முன், அன்றே இதைச் செய்துவிடுங்கள்.